பங்கேற்பாளர் பதினான்கு

அவரது புத்தகத்தில் எனக்குப் பெயர் கிடையாது.
நூற்றி முப்பத்தொன்றாம் பக்கத்தில்
நான் பங்கேற்பாளர் பதினான்கு.
பெர்பெத்துவாளின் வள்ளத்தை எரித்தவன்.

மார்த்தாண்டத்திலிருந்து பஸ் மாறி மாறி
கடியப்பட்டணம் வருவார் ஹெப்சிபா டீச்சர்.
குடை, டேப் ரெக்கார்டர், ஒரு பாட்டில் சீரக வெள்ளம்.
பல்கலைக்கழகத்தில் பெரிய ஆளாம்.
எங்களுக்கு டீச்சர்தான்.

போலீஸ் கேட்டது, எந்த செக்‌ஷன்.
ஊர்க் கமிட்டி கேட்டது, எவ்வளவு தண்டம்.
அவர் கேட்டார்:
"தீ வைக்கப் போகும்முன்னே என்ன சாப்பிட்டே?"
மரச்சீனி என்றேன். நெத்திலிக் கறி.
சொன்னதும்தான் எனக்கே அந்த ராவு
நான் இருந்த ராவாக ஆனது.

வலைக்கூடத்தில் வட்டமாகப் பதினோரு நாற்காலி.
பெர்பெத்துவாள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கைகளைப் பார்த்தாள்.
"கரையில வெளிச்சம் கண்டு
திருவிழாவுக்கு ஏதோ ஒத்திகைன்னு நினச்சேன்.
பிள்ளையள எழுப்பிக் காட்டினேன்" என்றாள்.

டேப் சுற்றிக்கொண்டிருந்தது.
புத்தகத்தில் அந்த இடத்தில்
மௌனம், நான்கு நிமிடம் என்றிருக்கிறது.
நான்கு நிமிடம் இல்லை அது.

இரண்டு வருஷம் அவள் மகனோடு கடலுக்குப் போக வேண்டும்,
என் பங்கு அவளுக்கு.
கையெழுத்துப் போட்டேன்.
ஏழாம் மாதம் கொச்சிக்கு ஓடினேன்.
அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.
குளச்சலில் ஒரு தாய்
மகனைக் கொன்றவனோடு ஒரே கூரைக்குக் கீழ் இருக்க மாட்டேன் என்று
நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனதையும்.
கீழே ஒரே வரி:
அவர் மறுத்தது சரி.

டீச்சருக்கும் ஒரு வழக்கு இருந்தது.
அருமனையில் ரப்பர் நிற்கும் நாற்பது சென்ட்,
அண்ணனோடு,
குழித்துறை கோர்ட்டில் பத்தொன்பது வருஷம்.
"அண்ணனுக்கு ஒரு நாற்காலி போடலியா டீச்சர்?"
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
சிரித்தார். வெள்ளம் குடித்தார்.
பாட்டில் மூடி வெகுநேரம்
புரியில் ஏறவே இல்லை.

அடக்க ஆராதனைக்கு அண்ணன் வந்திருந்தார்.
யாரோ நாற்காலி நீட்டினார்கள்.
முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

நூற்றி முப்பத்தொன்பதாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு:
'பதினான்காமவர் மூன்று வாரத்தில் திரும்பினார்.
காரணம் தெரியவில்லை.'

கொச்சியில் ஒரு வெல்டிங் பட்டறை.
பொறி பறந்ததை
ஒரு குழந்தை கைதட்டிப் பார்த்தது.
அவ்வளவுதான் டீச்சர்.