முந்நூற்றுப் பத்தொன்பது

முப்பத்திரண்டு பேர். ஆளுக்குப் பத்து.
முந்நூற்று இருபது வெற்றுக்கூடு எண்ணித் தரவேண்டும்,
இல்லாவிட்டால் லாரி நகராது.

பள்ளத்தூருக்கு மேற்கே
யாரோ ஒரு செட்டியாரின் மதிலுக்குச்
செம்புறாங்கல் வெட்டித் தீர்த்த பள்ளம்.
வருஷத்தில் ஒரு நாள் அது எங்கள் ரேஞ்ச்.
மற்ற நாளெல்லாம் வெள்ளாடு.

சாக்கை விரித்து நான்தான் எண்ணினேன்.
சூடு ஆறாத பித்தளை, பத்துப் பத்தாய்.
கடைசி வரிசையில் ஒன்பது.
திரும்ப எண்ணினேன். ஒன்பது.
ரைட்டர் சிகாமணி எண்ணினார்,
இந்தப் பொம்பளைக்குக் கணக்கு வராது என்கிற முகத்தோடு.
ஒன்பது.

அப்புறம் என்ன, எல்லாரும் குனிந்தோம்.
கோரை, சரளை, ஆட்டுப் புழுக்கை,
போன வருஷத்துப் பச்சை பிடித்த ஒரு கூடு.
அதையே சேர்த்துவிடலாமா என்று கிசுகிசுத்தான் லூர்து.
பைகளை வெளியே இழுத்துக் காட்டினோம்.
சாவிக்கொத்தில் மாட்ட யாரோ அமுக்கிவிட்டதாகப் பேச்சு.
பொழுது முந்திரித் தோப்புக்குப் பின்னால் இறங்கியது.

ஏட்டு அடைக்கலம் மட்டும் குனியவில்லை. முட்டி வலி.
துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கியபடி
மேட்டில் நின்று ஏவிக்கொண்டிருந்தார்:
"அந்தப் பக்கம் பாரு. ஏய், சூராம் பொதர்ல பாரு."
அவர் எந்தப் பக்கம் காட்டினாலும்
அந்தப் பக்கத்து முதுகுகளின் மேல்
குழலும் ஒருதரம் போய் வந்தது.

இனி என் பங்கைச் சொல்லவேண்டும்.

சுட்டு முடித்ததும் ஒவ்வொரு குழலையும் பார்ப்பது
அன்றைக்கு என் வேலை.
பூட்டைத் திறந்து, கட்டைவிரல் நகத்தை உள்ளே வைக்கச் சொல்லி,
முனையிலிருந்து எட்டிப் பார்ப்பது.
எங்கள் பக்கத்து வீடுகளில் தலைவாசலில் நின்றால்
கட்டு கட்டாய்க் கதவுகள் தாண்டிப்
பின்வாசல் வெயில் ஒரு காசளவு தெரியுமே,
அப்படித் தெரிந்தால் காலி.
முப்பத்தொரு குழலில் அந்த வெயிலைப் பார்த்தேன்.
அடைக்கலத்திடம் வந்தபோது,
"ஏத்தா, நீ பொறக்கறதுக்கு முன்னாடி கைல பிடிச்சது இது.
எனக்கே பாடமா?"
வரிசை சிரித்தது.
நானும் சிரித்தேன்.
டிக் போட்டேன்.

முகம் தெரியாத இருட்டு வரும் நேரத்தில்
இன்ஸ்பெக்டர் சொன்னார்:
எல்லா ஆயுதத்தையும் இன்னொரு தரம் திற.
அடைக்கலம் கொட்டாவி விட்டுக்கொண்டே பூட்டை இழுத்தார்.
துள்ளி விழுந்தது
மண்ணில் ஊன்றியிருந்த என் கைக்குப் பக்கத்தில்.
கூடு இல்லை. முழுசு.
மூக்கோடு.

பக்கத்து ஆளின் வெடியைத் தன் பத்தாவதாக
எண்ணியிருக்கிறது அவர் காது.

லூர்து பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
யாரோ டீ கேனை மூடினார்கள்.

பதிவேட்டில் சிகாமணி எழுதினார்:
சுட்டது முந்நூற்றுப் பத்தொன்பது. வெடிக்காதது ஒன்று.
வெடிக்காதது என்றால் தோட்டாவின் மேல்தான் குற்றம்.
கீழே, பார்வையிட்டவர் கையொப்பம்.
போட்டேன்.

லாரியில் அவர் எனக்கு எதிரே.
கோட்டையூர் வரைக்கும் ஒரு சொல் இல்லை.
பிறகு இரண்டு கைகளையும்
தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்,
குளிர்கிற ஆள் மாதிரி.

அது சித்திரை மாதம்.