மூன்று சால் கரும்பு

ஆலை கொடுத்த கட்டிங் ஆர்டர் நேற்றோடு முடிந்திருந்தது.
பாதி ஏற்றிய லாரி வரப்போரம் நின்றது.
பாலசமுத்திரம் தாண்டி, குசஸ்தலை
மணலாய்க் கிடக்கிற இடத்தில்
வெங்கட்ராஜுவின் இரண்டே கால் ஏக்கர்.
வெட்டி வெட்டிக் கடைசி மூன்று சாலுக்கு வந்தபோது
தேசம்மாவின் கத்தி நின்றது.

சோகைக்குள் இரண்டு.
ஒரு கைக்குள் இரண்டும் அடங்கும்.
கண் திறந்து நாலு நாள் ஆகியிருக்கும்.
முதுகெல்லாம்
துருப்பிடித்த ஆணி பிடுங்கிய தழும்புகள்.

சிறுத்தைக் குட்டி என்றார் மேஸ்திரி.
சிறுத்தைக் குட்டி என்று
நகரி வரைக்கும் போய்ச் சேர்ந்தது வீடியோ.
பள்ளிப்பட்டில் சொன்னார்கள்: அது ஆந்திரா.
சித்தூரில் கேட்டார்கள்:
குட்டி உங்க பக்கமிருந்து வந்ததா?

நான் போனபோது மணி மூன்று.
சிறுத்தையில்லை, துருப்புள்ளிப் பூனை என்றேன்.
தாயே ஒன்றரைக் கிலோதான் இருக்கும்,
பூனைச் சாதியில் இதைவிடச் சின்னது கிடையாது என்றேன்.
செல்போன்கள் சட்டைப்பைக்குத் திரும்பின.
சிறுத்தைக்கு ஜீப் வரும், கூண்டு வரும், டிவி வரும்.
இதற்கு நான் வந்திருந்தேன்,
ஸ்கூட்டரில்,
பெட்ரோல் என் காசு.

தொடாமல் விட்டால் ராத்திரி தாய் வந்து
கவ்விக்கொண்டு போகும்.
"ராத்திரின்னா மூணு சாலும் நிக்கணும்.
லாரி வெயிட்டிங் யார் குடுக்கிறது, நீங்களா?"
மேஸ்திரி கேட்டது நியாயம். எனக்குப் பதில் இல்லை.
தேசம்மா கத்தியைக் கரும்புக்கட்டில் செருகிவிட்டுக்
கை கழுவப் போனாள்.
திரும்பி வந்து உட்கார்ந்தாள்.
மற்ற ஏழு பேரும் உட்கார்ந்தார்கள்.
அவ்வளவுதான்.

விடிந்து கேமராவைத் திறந்தால்
நூற்றுப் பன்னிரண்டு படம்.
நூற்றுப் பதினொன்றில் காற்று.
மிச்சம் ஒன்றின் கீழோரம் ஒரு கோடு,
வாலாக இருக்கலாம். சோகையாகவும் இருக்கலாம்.
குழி காலி.
ரத்தம் இல்லை. காய்ந்த மண்ணில் தடமும் இல்லை.
வந்தது தாயா, மோட்டார் கொட்டகை நாயா.

ஏழு மணிக்கெல்லாம் மூன்று சாலும் லாரியேறின.

வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
சித்தூருக்கும் திருத்தணிக்கும் நடுவே
இதுவரை வெறும் வெள்ளையாய்க் கிடந்த இடம்.
என் புள்ளி நாலு கிராமத்தை மூடியது,
மாநில எல்லையை மூடியது.
இங்கே இருக்கிறது என்று அதற்குப் பொருள்.
நேற்று சாயங்காலம் வரை இருந்தது என்று சொல்லப்
படிவத்தில் கட்டம் கிடையாது.

தேசம்மா அடுத்த கொல்லைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
"வந்தது தாய்தான் மேடம்.
நான் கொட்டகையிலதான் படுத்திருந்தேன்."
பார்த்தாயா?
"இருட்டுல இன்னாத்தப் பாக்கறது."
ஏதாவது கேட்டதா?
"ஒண்ணுமே கேக்கல.
நாயா இருந்தா கேட்டிருக்காதா?"

குறிப்பு என்ற இடத்தில்
அதை அப்படியே எழுதினேன்.