நாலு விரற்கடை

முதுகில் ஓரிடம் இருக்கிறது,
என் இரண்டு கைக்கும் எட்டாதது.
மேலிருந்து வலக்கை போனால் ஒரு சாண் குறையும்,
கீழிருந்து இடக்கை வந்தால் அரைச் சாண்.

பார்மனில் ஒரு சாவிக்கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் ஃப்ராவ் ட்செங்
அதைத் தொட்டதும்
ஜெர்மன் மறந்து ஐயோ என்றேன்.
அவருக்கு அது போதுமாயிருந்தது.
முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில்
பதினொரு வருடமாய் நான் மடித்த விரிப்பெல்லாம்
அங்கேதான் அடுக்கிக் கிடக்கிறதாம்.

முதுகுத்தண்டிலிருந்து நாலு விரற்கடை,
தோள்பட்டை எலும்பின் உள்ளோரம்.
அளப்பது நோயாளியின் விரலால்,
வைத்தியரின் விரலால் அல்ல.
நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.
நாளுக்கு இரண்டு தரம், ஐந்து நிமிடம்,
வீட்டில் யாராவது அழுத்தட்டும் என்றார்.
வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்கவில்லை.

வீட்டில் இவர் இருந்தார்.
என்னைக் கேட்காமல் தம்பிக்கு அனுப்பிய
ஏழாயிரம் யூரோவுக்குப் பிறகு
எங்களுக்காகக் குளிர்பெட்டிக் கதவுதான் பேசிக்கொண்டிருந்தது:
பால் முடிஞ்சுது.
ஹீட்டர்காரன் வியாழன் வருவான்.
மதுவந்தி போன் எடுத்தவள்.
நாலு மாதம். மஞ்சள் தாள் இரண்டு கட்டு.

மூன்று நாள் சுவரோடு டென்னிஸ் பந்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன்.
பந்து சோபாவுக்கடியில் போனது.
வலி போகவில்லை.
நாலாம் நாள் கதவில் ஒட்டினேன்:
முதுகிலை புள்ளி இருக்கு. அமத்த வேணும். அஞ்சு நிமிசம்.

அறுவை மருத்துவர் மாதிரிக் கை கழுவிவிட்டு வந்தார்.
குசினிக் கதிரையைத் திருப்பிப் போட்டு
அதன் சாய்வில் நெஞ்சை வைத்து உட்கார்ந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே ஆற்றின் மேலே
தொங்குரயில் போக, அதன் வெளிச்சம்
பாத்திர அலுமாரியைத் தடவிவிட்டுப் போனது.

இஞ்சையா?
இல்லை, கொஞ்சம் மேலை.
இப்ப?
ம்.
நோகுதா?
நோகுது.

அவ்வளவுதான் அன்றைய பேச்சு.
நாலு மாதத்துக்கு அது ஒரு பிரசங்கம்.

புள்ளி குளியலில் அழிந்து போயிற்று.
சேமிப்பு வங்கி இனாமாய்க் கொடுத்த பேனாவை எடுத்துக்கொண்டு
உன்ர கையைத் தா என்றார்.
மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில்
என் நாலு விரலையும் வைத்து அளவு குறித்து,
அந்தத் தாளை என் முதுகில் வைத்து,
தையற்காரன் போல நெடுநேரம் யோசித்து,
குத்தினார் ஒரு புள்ளி.
அன்றிலிருந்து தினமும் அங்கேதான்.
காலையில் வேலைச் சப்பாத்தோடு நின்றபடி,
இரவில் செய்தி முடிந்த பிறகு.
அவர் பெருவிரலில் ஒரு பழைய தழும்பு இருப்பது
முதுகுக்குத்தான் முதலில் தெரிந்தது,
இருபத்திரண்டு வருடம் கழித்து.

மூன்றாம் கிழமை ஃப்ராவ் ட்செங் கேட்டார்:
இது யார் வைத்த புள்ளி?
வீட்டில், என்றேன்.
உங்கள் வீட்டுக்காரர் மூன்று எலும்பு
கீழே இறங்கிவிட்டார்.
இது வேறு இடம்,
விக்கலுக்கு அழுத்துவது.

கட்டிலின் ஓட்டைக்குள் முகம் புதைத்து
அவருடைய கம்பளிச் செருப்பைப் பார்த்தபடி
சிரிப்பை அடக்கினேன். முதுகு காட்டிக்கொடுத்தது.
விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்று
நாங்கள் சொல்வதை
ஜெர்மனில் எந்த வினைச்சொல்லை வைத்து முடிப்பது?
கூச்சம், என்று மட்டும் சொன்னேன்.
வலி குறைந்ததா?
குறைந்தது.
அவர் நெற்றி சுருங்கியது.
சரியான இடத்தில் மறுபடி ஒரு புள்ளி வைத்தார்.

அன்றிரவு சட்டையைத் தூக்கியவர் நின்றுவிட்டார்.
ரெண்டு இருக்கு, என்றார். எது?

ஏழாயிரம் யூரோ அப்படியே இருக்கிறது.
அதற்கான இடம்
ஃப்ராவ் ட்செங் சுவரில் தொங்கும்
அம்மண மனிதனின் படத்தில் இல்லை, தேடிவிட்டேன்.
வெளியே ஒரு தொங்குரயில் ஓபர்பார்மன் பக்கம் போனது.

கீழை, என்றேன்.
பிறகு, அவர் தொடங்கி வெகுநேரத்துக்குப் பிறகு,
மேலையும்.