மணி முறை

சனிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டப்புளிக் கோவிலில்
பூசை இல்லாத பூசை ஒன்று நடக்கும்.
டெல்பின் அக்காதான் சாமியார்.
பத்தாம் வகுப்பு, கக்கத்தில் முறைப்பட்டியல் நோட்டு.
குப்பியில் ரசத்துக்குப் பதில் நன்னாரி சர்பத்து,
பாதியை ரூபன் ஏற்கெனவே குடித்திருப்பான்.
அப்பத்துக்கு மாரி பிஸ்கட்டு.

"குப்பிக் காதை நீ பிடிக்காத, சாமிக்குத் திருப்பிக் குடு.
பீடத்துல சொறியக் கூடாது.
கொட்டாவி வந்தா முழுங்கு.
அம்மா தெரிஞ்சாலும் அம்மாவத் தெரியாது."

சிவப்பு அங்கி மூன்று அளவில்தான் இருக்கிறது.
எனக்கு நடு அளவு. படியேறும்போது
இடது கையால் கொஞ்சம் தூக்கிக்கொள்ள வேண்டும்,
தூக்குவது தெரியவும் கூடாது.
விரிப்பில் சொட்டிய மெழுகைச் சுரண்டினால் நூல் வரும்:
பழைய தினத்தாளை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால்
மெழுகு தாளுக்கு வந்துவிடும்,
சில நேரம் செய்தியும் விரிப்புக்கு.
தூபக்கரியைச் சாமி பங்களா அடுப்பில் மூட்டி
ஊதி ஊதிக் கண் எரிந்து
ஆறு மாதத்துக்கு அப்புறம்தான் எனக்கு மணி.

ஒரே பிடி, நாலு நாக்கு.
சாமி கைகளைக் காணிக்கை மேல் விரிக்கும்போது ஒன்று.
அப்பம் உயர்ந்தால் மூன்று.
பாத்திரம் உயர்ந்தால் மூன்று.
ஏழு தடவை மணிக்கட்டைத் திருப்பத் தெரிய
எத்தனை சனிக்கிழமை!

அந்த ஞாயிறு ஏழும் சரியாகவே விழுந்தன.
முந்தின ராத்திரி பன்னிரண்டரை வரை
அப்பா வலையில் நண்டு கழித்திருந்தேன்.
நன்மை முடிந்து அறிவிப்பு வாசிக்கையில்
ஃபேன் காற்று கழுத்தில் பட்டது.
கொட்டாவியை முழுங்கினேன்.
கண்ணையும் முழுங்கிவிட்டேன் போல.

மடியிலிருந்து மணி நழுவிப்
படிப்படியாய் உருண்டது.

ஊரே முட்டிபோட்டது.

போனைத் தடவிக்கொண்டிருந்த கமிட்டித் தலைவர்
போனோடு முட்டிபோட்டார்.
வெளியே பைக்கில் சாய்ந்திருந்த அண்ணன்மார்
ஒற்றை முட்டியை மணலில் ஊன்றினார்கள்.
அப்பா, படகுத் தகராறில் போலீஸ் வந்தும்
நிமிர்ந்தே நின்ற அப்பா,
சட்டென்று மடங்கினார்.
ஒலிபெருக்கியில் சாமியின் குரல் மட்டும்
"தெறிப்பு பாக்கி வைத்திருப்போர்" என்று
பாதியில் நின்றது.

"எழும்புங்க மக்கா, பாக்கியக் கட்டினா போதும்."

சிரிப்பு கூரை வரை போனது.
நானும் சிரித்திருப்பேன்,
திருப்பண்ட அறையில் டெல்பின் அக்கா
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்:
"கித்தேரி அத்தைய எழுப்ப ரெண்டு பேர் வேண்டிருந்துச்சு.
பாத்தியால?"

பார்க்கவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறு எனக்கு மெழுகுவர்த்தி.
மெழுகுவர்த்தி பிடிப்பவனுக்கு வேலை குறைவு,
முகங்கள் எல்லாம் தெரியும்.
மூன்றாம் பெஞ்சு ஓரத்தில் கித்தேரி அத்தை.
"தூயவர், தூயவர்" முடியும் முன்னமே
அவள் கை முன்பெஞ்சைப் பிடித்துவிடும்.
வலது முட்டி இறங்கும்.
நிற்கும்.
ரூபன் மணியை ஆட்டிவிடுவான்,
முந்நூறு பேர் ஒரே சத்தமாய் இறங்குவார்கள்.
அதற்கும் பிறகுதான் அவளுடைய இடது முட்டி,
யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல,
தனியாக.

நாலாம் ஞாயிறு மணி என் கைக்கு வந்தது.
சாமி கைகளை விரித்தார்.
நான் சாமியைப் பார்க்கவில்லை.
வலது இறங்கியது.
சாமி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.
டெல்பின் அக்கா தொண்டையைச் செருமினாள்.
விரல்களுக்குள் நாலு நாக்கையும் அமுக்கிப் பிடித்திருந்தேன்,
நண்டு கிழித்த இடத்தில் பித்தளை குளிர்ந்தது.

இடது தரையைத் தொட்டதும்
அடித்தேன்.

நோட்டில் என் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: "மணி தாமதம்."
அதற்குக் கீழே இந்த வாரமும்
அதேதான்.