தள்ளிப் போட்டது

மூன்றாவது பெடியன் பிறந்து
முப்பத்தொன்று கழியமுதல்
வெங்காயத் தறைக்குத் தண்ணி மாறப் போனேன்.
அன்றைக்கு இறங்கினது.

இருமினால் இறங்கும். குந்தினால் இறங்கும்.
கிணற்றடி மறைப்புக்குள் போய்
விரலாலே தள்ளி விடுவேன்,
பொழுதுபடக் கோழியைக் கூட்டுக்குள் தள்ளுகிறமாதிரி.
பழஞ்சாரத்தைக் கிழித்துக் கச்சை கட்டி
இருபத்தாறு வருஷம்
நட்டேன், கிண்டினேன், பிடி பிடியாய்க் கட்டினேன்.
இடப்பெயர்வில் எல்லாரும் ஏதோவொன்றை விட்டு வந்தார்கள்.
இது மட்டும் என்னோடேயே வந்தது.

ஆஸ்பத்திரியை
அறுவடை முடியட்டும் என்று தள்ளினேன்,
மகளின் சாமத்தியச் சடங்குக்குத் தள்ளினேன்,
பிறகு அவளுடைய பிள்ளைப்பேற்றுக்கு.

ஆடியில் கச்சையில் இரத்தம்.
ஐம்பத்தெட்டு வயதில் என்ன கூத்து என்று
எனக்கே வெட்கம்.
துணி உரசின புண்ணாக்கும்.
மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினேன்.
ஆறவில்லை. ஓரம் தடித்து
தொட்டால் கசிந்தது.

பெரியாஸ்பத்திரி கிளினிக் வாங்கில்
இருபத்தேழாம் நம்பர் யோகாம்பிகை.
டொக்டர் பிள்ளைக்கு என் மகளைவிட வயது குறைவு.
முகம் சுளிக்கவில்லை அவள்.
அதற்குத்தான் அழுகை வந்தது, நோவுக்கு இல்லை.
நெல்லளவு சதை வெட்டிப் போத்தலில் போட்டாள்.

மூன்று கிழமை கழித்துச் சொன்னாள்:
"கர்ப்பப்பையில் இல்லை அம்மா. அதின்ர வாயிலும் இல்லை.
யோனிச் சுவரில வந்திருக்கு.
இப்பிடி இறங்கின இடத்தில புற்று
சரியான அரிது.
நான் படிச்ச புத்தகத்தில ஒரு பந்திதான்."

அரிது.
என் சம்பந்தமான எதையும்
ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை.
யோனி என்ற சொல்லையும்
முகம் பார்த்து ஒருத்தி சொன்னது அதுதான் முதல்.
அம்மா 'கீழை' என்பாள். நான் 'அங்கை' என்பேன்.
பெயர் வைக்காத இடத்தில்
நோவை எங்கே என்று காட்டுவது?

தெல்லிப்பழையில் கரண்ட் பிடிக்க வேண்டும்,
இருபத்தைந்து நாள்.
போகுமுதல் கூலி மிச்சம் வாங்கத் தறைக்குப் போனேன்.
வரம்பில் தேத்தண்ணி நேரம்.
சொன்னேன், அந்தச் சொல்லாலேயே.
பரமேசு சிரித்தாள். நடுவில் நிறுத்தினாள்.
தவமலர் காலால் மண்ணைக் கிளறினாள்.

கிளிமலர் ஒன்றும் பேசவில்லை.
சாக்கைத் தூக்கப் போனவள்
முழங்காலளவில் நிறுத்தித் திரும்ப வைத்து,
ஒரு கை பாவாடைக்கு மேலே அழுத்தினபடி
கேட்டாள்:
"விடிய எத்தினை மணிக்கு நம்பர் குடுப்பினம்?"