அத்தியாயம் நான்கு: கேட்டல்

ஐம்பத்திரண்டு வயதில் கல்லூரி பெஞ்சு
முழங்காலை இடிக்கிறது.
இடது பக்கம் ஒரு பையன், காதில் வெள்ளைக் குமிழ்.
வலது பக்கம் துலிசிலே,
கிளினிக் சீருடை மாற்றாமல் நேராக வந்தவள்.
வெளியே டர்பனின் மாலை, உப்பு ஈரம்.
ஜன்னல் சாத்தினாலும் மூடாது.

ரோஷினி மூட்லி எங்கள் விரிவுரையாளர்.
என் மகளோடு ஒரே பள்ளியில் படித்தவளாம்.
பலகையில் எழுதுகிறாள்:
கேட்டல் ஒரு திறன்.
வினவுதல் வேறு திறன், அடுத்த அத்தியாயம்.

எழுதிக்கொண்டேன். எழுதும்போதே சிரிப்பு.
கோயிலில் சனிக்கிழமை வகுப்பில் நான் பிடித்த தமிழில்
கேட்பதும் கேட்பதும் ஒன்றுதான்.
விலை கேட்டாலும் பாட்டுக் கேட்டாலும்
ஒரே வாசல்.
பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போகும்.

போன வாரம் 'நான்' வாக்கியம்.
'நீ எப்போதும் இப்படித்தான்' என்று தொடங்கக் கூடாது.
'நான் கோபமாக இருக்கிறேன்' என்று தொடங்க வேண்டும்.
எங்களுக்குக் கோபம் வரும், போகும்,
சாட்ஸ்வர்த் பஸ் மாதிரி.
ஓட்டுகிறவன் யாரென்று யாரும் கேட்டதில்லை.

நான் ஓட்டினேன். இருபத்தாறு வருஷம்.
மனிதர்களை நெற்றிக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்து
முதுகால் பேசியவன்:
'உள்ளே போ, இன்னும் உள்ளே போ.'

இன்றைய பயிற்சி, இருவர் இருவராக.
மூன்று நிமிடம் ஒருவர் பேச
மற்றவர் வாய் திறக்கக் கூடாது.
அறிவுரை கூடாது. 'எனக்கும் அப்படித்தான்' கூடாது.
தலையாட்டலாம்.
முடிந்ததும் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

துலிசிலே கைப்பையை மடியில் வைத்தாள்.
அப்போது வீடு பாட்டில்பிரஷ் சரிவில், தகரம்.
பதினெட்டு வயது.
செருப்புத் தொழிற்சாலையில் நேர்காணல்.
அக்காளின் ஷூ, ஒரு அளவு பெரிது,
நுனியில் செய்தித்தாள் அடைத்திருக்கிறாள்.
மழை. பஸ் வருகிறது. கை நீட்டுகிறாள்.
வேகம் குறைகிறது.
பிறகு கூடுகிறது.
சேற்றுத் தண்ணீர் இடுப்பு வரை.
போகிற பஸ்ஸின் முதுகில்
ஒரு மயில் தோகை விரித்திருந்ததாம்.
அவ்வளவு அழகு என்றாள்,
தோகையில் ஒரு கண் மட்டும் உரிந்துபோய்.

அந்த மயிலுக்கு இருநூறு ராண்ட் கொடுத்தவன் நான்.
கண் உரிந்தது பணிமனைச் சுவரில்,
பின்னால் எடுக்கும்போது.

தலையாட்டினேன். விதியில் அது உண்டு.
இன்னும் ஒரு நிமிடம் பத்து விநாடி.
அதற்குள் தொண்டையில் வரிசை கட்டி நின்றன:
அன்றைக்கு நெரிசலாக இருந்திருக்கும்.
செக்கர் டவுனில் கடிகாரத்தோடு நிற்பான்.
மழையில் பிரேக்கை நம்ப முடியாது.
ஒன்றையும் ஏற்றிக்கொள்ளவில்லை.
நெரிசல் இல்லை. பின்சீட்டுகள் காலி.
வேகத்தைக் குறைத்ததே
நிற்பது யார் என்று பார்க்கத்தான்.
பார்த்தேன்.

'இப்போது நீங்கள்' என்றாள் ரோஷினி.

மழை பெய்தது என்றேன். ஷூ உன் அக்காளுடையது.
உனக்குப் பெரிது. பஸ் நிற்கவில்லை.
துலிசிலே சரி என்று தலையசைத்தாள்.
முழு மதிப்பெண் அதற்கே கிடைத்திருக்கும்.

இன்னொரு தடவை சொல்கிறேன் என்றேன்.
பஸ்ஸை எடுத்துவிட்டு.

நான் நிற்கவில்லை.

பார்த்தாள். நடுவே கண்ணாடி எதுவும் இல்லை.
குமிழ்க்காதுப் பையன் எதற்கோ சிரித்தான்.
மௌனத்துக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கிறது,
நான் இன்னும் அங்கே போகவில்லை.

பிறகு அவள் மொழியில் ஒரு சொல்: ங்கியெஸ்வா.
காது கேட்பதற்கும் உடம்பு உணர்வதற்கும்
அவர்களுக்கு அது ஒன்றுதானாம்.
மன்னித்தேன் என்று அர்த்தம் இல்லை.
அதையும் அவளே சொன்னாள்.

மன்னிப்புக் கேட்டேன்.
இந்தக் கேட்டேன் எத்தனையாவது அத்தியாயமோ.

எட்டரைக்கு வகுப்பு விட்டது.
நிறுத்தத்தில் இருவரும் நின்றோம், நாலடி தள்ளி.
தூறல். டாக்ஸி வேன் வெளிச்சம் திரும்பியது.
நான் கையை எடுக்கவில்லை.
அவள்தான் நீட்டினாள்.