மதிலுக்கு வெளியே இரண்டடி

இரும்பு நாடாவின் ஒரு முனையை
மதிலோடு பிடிக்கச் சொன்னேன்.
செல்வநிதி அக்காதான் பிடிச்சா.
தன் குற்றத்தை அளக்கத்
தானே கை கொடுத்தா.

இரண்டு அடி, ஏழு அங்குலம்.
மதிலில் இருந்து வாய்க்கால் மட்டும்
வெண்டி, பயிற்றை, ஒரு முருங்கைக் கதியால்,
ஓட்டை வாளியில் பொன்னாங்காணி.

சபையின் விதி சொல்கிறது:
வீட்டு முகப்பில் செடிகொடி அழகுக்கு இருக்கலாம்.
மூலை வளவென்றால் மூன்றடிக்கு மேல் வளரக்கூடாது,
வாறவனுக்குப் போறவன் தெரியவேணும்.
மதிலைத் தாண்டிய நிலம் சபைக்குச் சொந்தம்.
அதில் காய்க்கிறது ஆருக்குச் சொந்தம் என்று
விதியில் இல்லை. தேடிப் பார்த்தேன்.

எதிர்வீடு துப்புரவு.
கனடாக் காசில் கல் பதித்த முற்றம்,
புல் இல்லை, சருகு இல்லை,
சாடியில் இரண்டு பிளாஸ்ரிக் பனை.
எல்லா விதிக்கும் அடங்கின வளவு.
கார்த்திகை மழையில் ஒரு சொட்டும் குடிக்காமல்
அவ்வளவு வெள்ளத்தையும் அது ஒழுங்கைக்குத் தள்ளும்.
அதைப்பற்றி முறைப்பாடு இல்லை.
முறைப்பாடு அங்கேயிருந்துதான் வந்தது.
படலையில் பூட்டின கமராவால்
ரொறன்ரோவில் இருந்து வெண்டியைப் பார்க்கினமாம்.

அக்கா நாடாவின் முனையைக்
கல்லொன்றின் கீழ் சொருகிவிட்டு உள்ளுக்குப் போனா.
வரும்போது கையில் ஒரு கடுதாசி,
உறை போட்டு, அடையாள அட்டை மாதிரிப் பத்திரமாய்.
மண்ணெண்ணெய்க்கு விடிய விடிய வரிசையில் நின்ற வருசம்
வீடு வீடாய்ச் சபை குடுத்தது:
"ஒரு சாண் நிலத்தையும் வெறுமையாக விடாதீர்கள்."
கூடவே ஒரு விதைப் பை.
கீழே கையெழுத்து என்னுடையது.
கமலரூபனின் 'க' அப்ப
இன்னும் வடிவாய் இருந்திருக்கு.

"இது அந்த வெண்டியின்ர பேரப்பிள்ளை, தம்பி.
நான் உங்கட எந்தக் கடுதாசிக்குக் கீழ்ப்படியிறது?"

என் படிவத்தில் ஒரு வெற்றிடம்:
'........ நாட்களுக்குள் அகற்றவும்.'
வழமையாய் ஏழு போடுவேன்.
"பூத்து எத்தனை நாளில ஆயலாம்?"
"அஞ்சு நாள். ஆனா,
ஆய ஆயப் பூத்துக்கொண்டெல்லோ இருக்கும்."

பேனை மூடியைப் பல்லில் கடித்தபடி நிற்கிறேன்.
வெயில் உச்சியில்.
கமராவில் ஒரு சிவப்புப் பொட்டு.
அங்கே இப்ப நடுச்சாமம்,
ஆரும் முழிச்சிருக்க மாட்டினம்.

அக்கா மூலையில் நெடுத்த ஒரு வெண்டியின்
தலையை மட்டும் கிள்ளினா, மூன்றடிக்கு.
மிச்சத்தை நீங்கள் எழுதுங்கோ என்று
குனிந்து கல்லைத் தூக்கினா.

நாடா சீறிக்கொண்டு சுருண்டு வந்து
என் விரலில் அடித்தது.